அறைக்கு ஒருவருக்காவது கோழிச்சாறு வைக்கத் தெரியட்டும்

வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும், படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளே, தங்கைகளே,

சோழிங்கநல்லூரில் மூன்றாம் மாடியில் நான்கு பேராக, மடிவாளாவில் இரண்டு பேராக, பீளமேட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு பேராக இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மகளும் அப்படி ஓர் அறையில்தான் இருக்கிறாள். மற்றவர்கள் மாத்திரை வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். படுத்திருப்பவர் மதியத்துக்கு மேல் கைப்பேசியை எடுத்து சூப் என்று தேடி வரவழைக்கிறார். சோளமாவு கரைத்த கஞ்சிப் பதத்தில் ஒன்று பிளாஸ்டிக் டப்பாவில் வந்து சேருகிறது. பாதி குடித்து மூடி வைக்கிறார். அதுவும் இல்லாவிட்டால் தானே தட்டுத்தடுமாறி எழுந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெந்நீரில் கொட்டிக் கலக்குகிறார்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அறைக்கு ஒருவர் கோழிச்சாறு வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சல்காரர் அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. அவருக்கு வேறு யாராவதுதான் வைத்துக் கொடுக்க வேண்டும். ஊரில் அந்த வேறு யாராவது அம்மாவாக, பாட்டியாக இருந்தார்கள். இங்கே நீங்கள்தான்.

1993-ல் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனில் இருந்தேன். பத்துக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். அறையில் சமைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். என் அறைத்தோழன் சிவகங்கைப் பக்கத்துக்காரன், அச்சகத்தில் வேலை. எனக்கு ஒரு வாரம் விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது. இறங்கிய பிறகும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. எதை வாயில் வைத்தாலும் வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது. மெஸ் சாப்பாட்டின் வாசனை மாடிப்படியில் ஏறி வந்தாலே குமட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஜாம்பஜார் வரை நடந்து போய் ஒரு சின்னக் கோழியை வெட்டி வாங்கி வந்தான். இரவல் வாங்கிய திரி ஸ்டவ் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அலுமினியக் குண்டான் ஒன்று. அம்மிக்கு எங்கே போவது? மிளகையும் சீரகத்தையும் செய்தித்தாளில் மடித்து, எவர்சில்வர் டம்ளரின் அடியால் தட்டித் தட்டி உடைத்தான்.

ஒன்றரை மணி நேரம் அது சிணுங்கிக்கொண்டிருந்தது. வாசனை கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரம் முழுக்கப் போய்விட்டது. காவலாளி வந்து கதவைத் தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடந்த என்னையும் குண்டானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்று நான் குடித்த முதல் டம்ளரில்தான் ஒரு வாரத்துக்குப் பிறகு நாக்குக்கு உப்பும் உறைப்பும் தெரிந்தன. நெற்றியில் வேர்த்தது. அப்படியே சாயங்காலம் வரை தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் படுத்துக்கொண்டான். எனக்கு வெந்நீர் வைப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. வீட்டில் ஆண்பிள்ளையை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை, நானும் போனதில்லை. கடையில் ஒரு சூப் வாங்கித் தூக்குப்போசியில் கொண்டு வந்தேன். இரண்டு மிடறு குடித்தான். "போதும்டா" என்றான். அன்றிரவே ஊருக்கு பஸ் ஏறினான். நான்தான் கைத்தாங்கலாகக் கொண்டு போய் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பிய பிறகு அந்தத் தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் மறக்கவில்லை. இந்த மடலை நான் எழுதுவது அதனால்தான்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் காங்கயம் பக்கம். சூப் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் அது சாறு. வேறு ஊர்களில் கோழி ரசம் என்பார்கள், தண்ணிக்குழம்பு என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் எழுந்தவனுக்கும் மழைக்காலத்தில் சளி பிடித்த குழந்தைக்கும் அதுதான் போகும்.

அம்மாயி முதலில் சொன்னது கோழியின் வயதைப் பற்றி. கோழி எத்தனை நாள் நடந்ததோ அத்தனை ருசி சாற்றில் இறங்கும் என்பது அவர் கணக்கு. அவர் வளர்த்தது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி. உடம்பு சின்னது, எலும்பு கெட்டி, கறி கம்மி. விருந்தாளிகள் நிறைய வந்தால் குழம்புக்குப் பெருவிடை, சாற்றுக்குச் சிறுவிடை. இறகு பிடுங்கிய பிறகு காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, தீயில் கோழியைத் திருப்பித் திருப்பி வாட்டி, மஞ்சளை அரைத்து உடம்பெல்லாம் தேய்ப்பார். தோலில் மிச்சமிருக்கும் முடி பொசுங்கிப் போவதோடு, அந்தப் புகை வாசனை தோலிலேயே தங்கிவிடும். தோலை உரித்து எறிந்துவிட்டால் சாற்றில் பாதி போயிற்று. இன்றைக்கும் நாட்டுக்கோழிக் கடையில் சொன்னால் வாட்டி, மஞ்சள் தடவித் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போனால் உங்கள் முன்னால் மூன்று கோழிகள் இருக்கும். ஒன்று பிராய்லர், பத்திரிகை விலைப் பட்டியலில் கறிக்கோழி என்று வருவது. ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடைக்கு வந்து கடைக்கு வந்துவிடும் குழந்தை அது. இன்னொன்று நாட்டுக்கோழி, விலை பெரும்பாலும் இரண்டு மடங்குக்குக் குறையாது. மூன்றாவதை உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்: முட்டைக்கோழி. நாமக்கல் பண்ணைகளில் ஒன்றரை வருடம் போல முட்டையிட்டு, முட்டை குறைந்ததும் கழித்து விற்கப்படுவது. கறி ரப்பராக இழுக்கும் என்று வறுவலுக்கு யாரும் சீண்ட மாட்டார்கள். விலையும் குறைவு. ஆனால் வயதான கோழி, நடுத்தரமான எலும்பு, மஞ்சள் கொழுப்பு. கையில் காசு குறைவாக இருக்கும் மாதக் கடைசியில் சாற்றுக்கு இதைவிட நல்ல கோழி கிடையாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். வயிற்றுக்குள் இடாத முட்டையின் மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தால் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். கடைசியில் சாற்றில் போட்டு வேகவிட்டால், படுத்திருப்பவருக்குக் கொடுக்க அதைவிட மெதுவானது இல்லை.

பிராய்லர்தான் கிடைக்கிறது என்றால் அதிலும் வைக்கலாம். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கழுத்து, முதுகு, இறக்கை, தொடை எலும்பு கேளுங்கள். கடைக்காரர் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் பாதங்களில் நாலைந்து கேட்டால், சும்மாவே கூடக் கொடுப்பார். நகத்தை வெட்டி, கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் மேல்தோல் உரிந்து வரும். அந்தப் பாதங்களில் கறி என்று ஒன்றும் இல்லை. தோலும் நாரும் குருத்தெலும்பும்தான். சாற்றுக்கு வேண்டியதும் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். மூட்டையும் தோலையும் தசையையும் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதம். வெந்நீரில் நெடுநேரம் கிடக்கும்போது அதன் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகத் தண்ணீரில் கரைகிறது. நல்ல சாறு உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, அது இதனால்தான். சோளமாவு கரைத்து வரவழைக்கும் கெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அது தொண்டையில் தங்கும், இது வழுக்கிக்கொண்டு இறங்கும். மீந்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால், பாத்திரத்துக்குள் அல்வா மாதிரி கட்டியாகி ஆடும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். நீங்கள் சரியாக வைத்ததற்கு அதுதான் அடையாளம். அடுப்பில் ஏற்றினால் மறுபடி தண்ணீராகிவிடும்.

இனி அடுப்பைப் பற்ற வையுங்கள். அரை கிலோ கோழி, எலும்போடு, சின்னத் துண்டுகள். ஓடும் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவாதீர்கள். பச்சைக் கறியில் இருக்கும் கிருமி திவலையோடு தெறித்து மேடையிலும் தட்டிலும் உட்காரும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூள் போட்டு மெதுவாக அலசி, கையையும் மேடையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கோழி மூழ்கி மேலே நாலு விரல் நிற்கிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர், சுமார் ஒன்றரை லிட்டர். கொதிக்கிற தண்ணீரில் கோழியைப் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் தொடங்கி மெல்லச் சூடேறினால், கறியிலிருந்து இறங்குகிற புரதம் திரண்டு அழுக்கு நுரையாக மேலே வரும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். முதல் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள். சாறு தெளிவாக வருவது இங்கேதான் முடிவாகிறது.

நுரை நின்ற பிறகு, தோலுரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, நசுக்கிய பூண்டு எட்டுப் பல், விரல்கணு அளவு இஞ்சி, ஒரு தக்காளி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லியின் தண்டும் வேரும். இலையை எடுத்து வையுங்கள், அது கடைசிக்கு. பெரிய வெங்காயம் போட்டால் சாறு இனித்துவிடும். காய்ச்சல்காரருக்கு அந்த இனிப்பு பிடிக்காது. பட்டை, கிராம்பு வேண்டாம். பிரியாணி வாசனை வந்துவிட்டால் வயிறு பயந்துவிடும்.

தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் வந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். பொங்கிப் புரண்டு கொதித்தால் கொழுப்பு நுணுங்கி நீரோடு கலந்து சாறு கலங்கி, பாலேடு போல வாயில் ஒட்டும். நாட்டுக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். பிராய்லருக்கு முக்கால் மணி. குக்கர் வைத்திருப்பவர்கள் தாராளமாக அதிலேயே வைக்கலாம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறும்; கொலாஜன் சீக்கிரம் கரையும். நுரையை எடுத்த பிறகு மூடி, முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி முட்டைக்கோழிக்கு அரை மணி விடுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு, ஆவி தானாக இறங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் உள்ளே எல்லாம் ஒரே குலுக்காகக் கொதித்து, தெளிந்தது கலங்கிவிடும்.

மிளகை இரண்டு தடவையாகப் போட வேண்டும். அம்மாயி காரணம் சொல்லவில்லை, செய்தார். காரணம் பின்னால் எனக்குப் புரிந்தது. மிளகின் உறைப்பு ஒன்று, வாசனை வேறொன்று. உறைப்பு கொதியில் போகாது. வாசனை ஆவியோடு பறந்துவிடும். அதனால் ஒரு தேக்கரண்டி மிளகை ஒன்றிரண்டாக உடைத்துப் பாதியை வெங்காயத்தோடு போட்டுவிடுங்கள். மீதிப் பாதியோடு ஒரு தேக்கரண்டி சீரகத்தைச் சேர்த்துத் தட்டி, இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால் போட்டு மூடுங்கள். மிக்ஸியில் மாவாக அரைத்தால் தொண்டையில் கரகரக்கும். டம்ளரின் அடி போதும்.

உப்பும் அப்போதுதான். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும். முதலில் அளவாகப் போட்டது கடைசியில் கரித்துவிடும். மேலே மிதக்கும் எண்ணெயை, வயிறு சரியில்லாதவருக்கு என்றால் கரண்டியால் எடுத்துவிடுங்கள். தேறி வருகிறவருக்கு ஒரு மெல்லிய வளையம் இருக்கட்டும். நல்லெண்ணெயில் தாளிப்பதெல்லாம் நாக்கு திரும்பிய பிறகு.

மிளகாய்த் தூள் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மிளகாய் இந்த மண்ணுக்குப் போர்த்துக்கீசியர்கள் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் நம் நாக்கின் உறைப்பு பெரும்பாலும் மிளகுதான். வந்த புதிய காய்க்கும் மிளகின் பெயரிலேயே பெயர் வைத்தோம். மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு நம் வீட்டு மிளகுத்தண்ணி பிடித்துப்போய், கோழியும் கறியும் சேர்த்து முல்லிகடானி என்ற பெயரில் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அங்கே அந்தப் பெயரில் சூப் வைக்கிறார்கள். பெரிய ஓட்டல் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தால் உங்கள் பாட்டியின் அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது மருந்தா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். ஆனால் வெறும் நம்பிக்கையும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸ் கோழிச்சாற்றைப் பரிந்துரைத்திருக்கிறார். 1978-ல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் மருத்துவர்கள் 15 பேருக்குச் சூடான கோழி சூப்பையும் வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கொடுத்து மூக்குச்சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். சூப் குடித்தபோது சளி வேகமாக இளகி நகர்ந்தது. அரை மணியில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்ட் தன் மனைவி குடும்பத்துப் பாட்டி முறைப்படி வைத்த சூப்பைச் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார். அழற்சியைத் தூண்டும் ஒரு வகை வெள்ளையணுக்களின் ஓட்டத்தை அது மட்டுப்படுத்தியது. அதுவும் சோதனைக் குழாயில்தான், மனித உடம்பில் அல்ல. கடையில் வாங்கிய சூப்புகள் சிலவற்றுக்கும் அந்தக் குணம் இருந்தது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் வாதாட விரும்பவில்லை.

எலும்புச் சாற்றில் சுண்ணாம்புச் சத்து கொட்டிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். அது மிகை. எலும்பிலிருந்து தண்ணீருக்கு வருவது கொஞ்சம்தான். ஜெலட்டினும் முழுமையான புரதம் அல்ல. அதனால் சாற்றை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுக் கறியை எறியாதீர்கள். பிய்த்துக் குழைந்த சோற்றோடு கொடுங்கள். மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை, அல்லது இறங்கியும் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் குண்டானை இறக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சிறுநீரகக் கோளாறோ ரத்தக் கொதிப்போ உள்ளவருக்கு உப்பைக் குறைக்க வேண்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, எடுக்கும்போதெல்லாம் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

கறி சாப்பிடாத தோழர் அறையில் இருப்பார். அவருக்கு முருங்கைக்கீரையில் இதே வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம். பத்தே நிமிடம். பாத்திரம் வேறாக இருக்கட்டும், அவர் கேட்காவிட்டாலும்.

கொடுக்கிற விதம் ஒன்று இருக்கிறது. பெரிய கிண்ணம் நிறைய ஊற்றி நீட்டாதீர்கள். பார்த்த உடனே படுத்திருப்பவருக்கு மலைப்பாகிவிடும். அரை டம்ளர். கை பொறுக்கிற சூடு. தலையணையை உயர்த்தி உட்கார வைத்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள். பேச வேண்டாம். இன்னும் வேண்டும் என்று அவரே கேட்பார்.

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, மிளகு எப்பப் போடணும்?" என்றாள். உனக்கு என்னம்மா ஆச்சு என்று பதறினேன். எனக்கில்லைப்பா, கூட இருக்கிற பொண்ணுக்கு, ஒடிசாக்காரி, மூணு நாளா சாப்பிடல என்றாள். ரெண்டு தடவையாப் போடு, மொதல்ல பாதி, கடைசில பாதி என்றேன். டாக்டரைப் பார்த்தாச்சா என்றேன். பார்த்தாச்சு என்றாள். உப்பு கடைசியில என்று தொடங்கினேன்.

"தெரியும்ப்பா. குக்கர் ஆவி இறங்கிடுச்சு. வைக்கிறேன்."

அன்புடன்,
காங்கயத்துக்காரன் ஒருவன்